காண்பதில் குற்றம் உண்டோ?

சென்ற பௌர்ணமியன்று வந்தனை முடிந்து அன்பர்கள் கலைந்த பின், நம் சங்கத்து இளைஞர் ஒருவர் மட்டும் பாயை விட்டு எழாமல் அமர்ந்திருந்தார். கம்பெனி வேலையின் பொருட்டுத் தென்னாப்பிரிக்கா சென்று மீண்டவர் அவர். வேலை முடிந்ததும் உடன் பணிபுரிவோர் அவரை அந்நாட்டின் வடகோடியிலுள்ள காட்டு விடுதி ஒன்றுக்கு அழைத்துச் சென்று, மூன்று இரவு தங்க வைத்தனராம். யானையும் காட்டெருமையும் சிறுத்தையும் கண்டாராம். இவற்றையெல்லாம் மகிழ்ச்சியோடு உரைத்தவர், இறுதியில் குரல் தாழ்த்தி, "ஐயா, நாங்கள் துப்பாக்கி ஏந்தவில்லை. ஓர் உயிரையும் துன்புறுத்தவில்லை. கண்ணாற் கண்டோம், அவ்வளவே. ஆயினும் என் மனம் அமைதி கொள்ளவில்லை. காண்பதில் குற்றம் உண்டோ?" என்று வினவினார்.

அவர் மனத்தை அலைத்தது இதுவே. அவ்விடுதிக்குச் சுற்றுவேலி கிடையாது. ஆதலால் இருட்டிய பின் விருந்தினர் தனியே நடத்தல் ஆகாது. பணியாளர் ஒருவர் கைவிளக்கோடு கூடாரம் வரை உடன் வருவார். மூன்றாம் இரவு அவ்வாறு உடன் வந்த முதியவர், ஆற்றங்கரைப் பக்கம் இருளைச் சுட்டி, "நான் பிறந்த வீடு அங்கே இருந்தது" என்றாராம். பின்னர் இரவு வணக்கம் கூறி, கூடாரத்தின் திரையை இழுத்து மூடிவிட்டுத் திரும்பி நடந்தாராம். தொலைவில் சிங்கம் முழங்கியபோதும் அஞ்சாத நம் இளைஞர், அந்த ஒரு சொல்லால் விடியுமளவும் விழித்திருந்தார்.

வினாவுக்கு அன்றே விடை கூற நம்மால் இயலவில்லை. நாம் ஆலைச் சங்கின் ஒலிக்கு எழுந்து, நூற்பு இயந்திரத்தின் முன் அறுந்த இழைகளை ஒட்டி இருபத்தைந்து ஆண்டு கழித்தவர். காண்டாமிருகத்தைப் படத்திலன்றிக் கண்டிலோம். ஆகவே ஒரு திங்கள் அவகாசம் கேட்டு, கிடைத்த நூல்களையும் செய்திகளையும் படித்தோம், சிந்தித்தோம். அதன் பயனை அன்பர்கள் முன் வைக்கிறோம்.

'சபாரி' என்பது சுவாகிலி மொழிச் சொல். பயணம் என்பது அதன் பொருள். அரபு மொழியினின்று அங்குச் சென்ற சொல் அது. நம் நாட்டில் உருது பேசுவோர் பயணத்தைச் 'சபர்' என்பதும் அதே வேரினின்று வந்ததே. இந்த எளிய சொல் ஐரோப்பியர் கையில் வேட்டைப் பயணத்தின் பெயராயிற்று. தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியா, ஜிம்பாப்வே, ஜாம்பியா முதலிய நாடுகளின் காட்டு விடுதிகளில் இன்று துப்பாக்கியின் இடத்தைப் பெரும்பாலும் புகைப்படக் கருவி பெற்றுள்ளது. ஆயினும் பழைய வேட்டையின் சுவடு ஒன்று மறையவில்லை. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகிய ஐந்தையும் 'ஐம்பெரு விலங்குகள்' என்று அங்கே போற்றுவர். உடற் பருமனால் வந்த பெயர் அன்று அது. கால்நடையாய்ச் சென்று சுடுவதற்கு மிகவும் ஆபத்தானவை இவ்வைந்தே என வேட்டைக்காரர் வகுத்த பட்டியல். ஒட்டகச்சிவிங்கியும் நீர்யானையும் அதில் இடம் பெறாமைக்குக் காரணம் இதுவே.

அவ்விடுதிகளில் ஒரு நாள் கழியும் வகையை இளைஞர் நமக்கு விளக்கினார். விடியுமுன் பணியாளர் வந்து எழுப்புவார். காப்பியும் ரஸ்க்கும் உட்கொண்டு, மேற்கூரையில்லாத வண்டியில் ஏறுவர். வண்டியின் முன்புறத்தே பொருத்திய தனி இருக்கையில் தடம் பார்ப்பவர் அமர்வார். மண்ணிற் பதிந்த அடிகளையும் மடங்கிய புல்லையும் நோக்கி, எவ்விலங்கு எப்போது எத்திசையிற் சென்றது என்று அவர் உரைப்பார். வண்டிக்குள் எவரும் எழுந்து நிற்கலாகாது, உரக்கப் பேசலாகாது. வண்டியையும் அதிலுள்ளோரையும் ஒரே உருவாகக் கண்டு பழகிய விலங்கு, ஒருவர் எழுந்து நின்ற கணத்தில் மனிதரை மனிதராக உணரும். வெயில் ஏறியதும் திரும்பி, உண்டு உறங்கி, மாலையில் மீண்டும் புறப்படுவர். கதிர் சாயும் வேளையில் ஓரிடத்தில் இறங்கி மது அருந்துவதும் அங்கு வழக்கமாம். நம்மவர் எலுமிச்சைச் சாற்றோடு நின்றுகொண்டார். பின்னர் விளக்கொளியில் இராக்கால விலங்குகளைக் கண்டு விடுதி சேர்வர்.

இதில் நன்மை இல்லையென்று கூறோம். மனிதன் தான் ஒருவனே உலகின் தலைவன் அல்லன் என்பதை அங்கே உடம்பால் அறிகிறான். தியான மண்டபத்தில் நாம் பல திங்கள் உரைத்தும் தாம் பயிலாத அசையாமையை, வழியை மறித்து நின்ற யானைக் கூட்டம் ஐந்து நிமிடத்திற் பயிற்றிவிட்டது என்று இளைஞரே நகைத்துக் கூறினார்.

ஆனால் அவா அங்கேயும் உடன் செல்கிறது. நான்கு விலங்கு கண்டவர், காணாத ஐந்தாவதை எண்ணி உணவருந்துகையில் முகம் வாடுகிறார். ஓரிடத்தில் சிறுத்தை தென்பட்டதென்று வயர்லெஸ் கருவியில் செய்தி வந்தால், வண்டிகள் அத்திசை நோக்கி விரைகின்றன. இதனாலேயே பல காப்பகங்களில், ஒரு விலங்கின் அருகே இரண்டு மூன்று வண்டிகளுக்கு மேல் நிற்கலாகாது என்று விதி செய்துள்ளனர். சிறுத்தைக்கு வேலியில்லாத காட்டில், மனிதரின் கண்ணாசைக்கு வேலி வேண்டியதாயிற்று. துப்பாக்கியைக் கீழே வைத்தவர் வேட்டை மனத்தையும் உடன் வைத்துவிட்டார் என்று எண்ணுதல் பிழை.

இவ்விடத்தே அசோக மன்னரின் எட்டாம் பாறைச் சாசனம் நம் நினைவுக்கு வந்தது. சிங்கம் உலவும் கிர் காட்டுக்கு அணித்தான கிர்நாரிலும், தென்னாட்டில் ஆந்திரத்து எர்ரகுடியிலும் அது பொறிக்கப்பட்டுள்ளது. முன்னாளைய அரசர் வேட்டை முதலிய களியாட்டங்களோடு இன்பச் செலவு மேற்கொண்டனர். அதற்கு விகார யாத்திரை என்று பெயர். முடிசூடிய பத்தாம் ஆண்டில் அசோகர் போதி மரத்தலம் சென்றார். அன்றுமுதல் அவருடைய செலவு தம்ம யாத்திரை ஆயிற்று. இச்செய்தியை அன்பர்கள் அறிவீர்கள். ஆயின் தம்ம யாத்திரையிற் செய்யத்தக்கவை எவையென அச்சாசனம் கூறுவதை நாம் ஊன்றிப் படிப்பதில்லை. சமணரையும் பிராமணரையும் கண்டு ஈதல், முதியோரைக் கண்டு பொருள் வழங்கல் என்பவற்றோடு, நாட்டுப்புறத்து மக்களைக் காண்டலையும் அது கூறுகிறது. 'தரிசனம்' என்று நாம் வழங்கும் அச்சொல்லின் பிராகிருத வடிவையே அம்மக்களுக்கு அது வழங்குகிறது. மன்னர் மக்களுக்குத் தரிசனம் தருதல் உலக வழக்கு. மக்களைத் தரிசிக்க மன்னர் செல்லுதல் தம்ம வழக்கு. வேட்டையை விடுதல் யாத்திரையின் ஒரு பாதியே; அவ்விடத்து மக்களைக் காணுதல் மற்றொரு பாதி.

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு ஆப்பிரிக்கக் காட்டுக்குட் செல்வோம்.

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்கா சுமார் 20,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. 1898-இல் சாபி காப்பகமாய்த் தொடங்கி, 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசியப் பூங்கா ஆயிற்று. 1927-இல் காண வந்த மோட்டார் வண்டிகள் மூன்றே. அக்காட்டின் முதற் காவல் அதிகாரியாக 1902-இல் அமர்ந்த ஸ்டீவன்சன் ஹாமில்டன், காப்பகத்தினுள் வாழ்ந்த குடிகளை வெளியேற்றினார். சோங்கா மக்கள் அவருக்கு இட்ட பெயர் 'ஸ்குகுசா'. பெருக்கித் துடைப்பவர் என்று அதற்குப் பொருள் கூறுவர். இன்று அப்பூங்காவின் தலைமை முகாமுக்கும் அதுவே பெயர். ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் அங்கே தங்கிச் செல்கின்றனர். தம் கடிதத்தின் தலைப்பில் எழுதும் ஊர்ப் பெயர், துடைக்கப்பட்டவர்கள் துடைத்தவருக்கு இட்ட பெயர் என்று அவருள் எத்துணைப் பேர் அறிவர்?

அக்காடு ஆளில்லாக் காடு அன்று. பூங்காவின் வடபகுதியில் துலமேலா என்னும் குன்றின்மேல் கல் மதில் சூழ்ந்த பழைய அரசிருக்கை ஒன்று உண்டு. சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே மக்கள் பொன்னும் இரும்பும் உருக்கி வாழ்ந்தனர். பின்னாளில் அக்காட்டையே நம்பி வாழ்ந்த ஆப்பிரிக்கர், பசிக்காகக் கண்ணி வைத்தால் 'கள்ள வேட்டைக்காரர்' எனப்பட்டார். சுவரில் மாட்டத் தலை வேண்டிச் சுட்ட வெள்ளையரோ 'வேட்டை வீரர்' எனப்பட்டார். செயல் ஒன்று, செய்தவர் பிறப்புக்கேற்பப் பெயர் இரண்டு. இவ்வகைக் கணக்கு நமக்குப் புதியதன்று.

தங்கும் இடத்திலும் பிறப்பு பார்த்தனர். நிறவெறி ஆட்சிக் காலத்தில், வெள்ளையரல்லாதார் அப்பூங்காவைக் காணச் சென்றால் அவர்க்கென்று பலூலே என்னும் சிறு முகாம் ஒதுக்கப்பட்டிருந்தது. மின்விளக்கு இல்லாத சில வட்டக் குடில்களே அங்கு இருந்தன. 1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் நேட்டால் கரையை அடைந்தது; கரும்புத் தோட்டக் கூலிகளாய் அதில் சென்றவருள் தமிழர் பலர். அவர்தம் வழித்தோன்றல்களையும் சட்டம் வெள்ளையரல்லாதார் வரிசையிலேயே நிறுத்தியது. சிங்கத்தைக் காண்பதற்கும் புறச்சேரி ஒன்று வகுத்தனர் என்க.

நம் இளைஞர் தங்கிய இடம் அப்பூங்காவின் வடகோடி. லிம்போபோ, லுவுவ்ஹு என்னும் இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட பாபூரி நிலம் அது. மஞ்சள் பட்டை மரங்களும் ஆனைப்புளிய மரங்களும் நிறைந்தது. அது மக்குலெக்கே மக்களின் ஊர். 1969-இல் அரசு அவர்களைத் தெற்கே வண்டிகளில் ஏற்றிச் சென்று இறக்கிற்று. வெளியேற்றப்பட்டோர் சுமார் 3,000 பேர். தம் வீடுகளுக்குத் தம் கையாலேயே தீ வைக்குமாறு அவர்கள் வற்புறுத்தப்பட்டனர். அதன்பின் அந்நிலம் பூங்காவோடு சேர்க்கப்பட்டது. முதியவர் சுட்டிய இருளில் இருந்த வீடு அவ்வாறு எரிந்தது.

போட்ஸ்வானாவின் மத்திய கலகாரிக் காப்பகம் 1961-இல் ஏற்பட்டது. அங்கு நெடுங்காலமாக வாழ்ந்த சான் மக்களை 1997-இலும் 2002-இலும் அரசு வெளியேற்றிற்று. 2006 டிசம்பரில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அச்செயல் சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. திரும்பி வந்தவர்களுக்கோ பழைய ஆழ்கிணற்றைப் பயன்படுத்தும் உரிமை மறுக்கப்பட்டது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வுரிமையை வழங்கும் வரை பாலைவனத்தில் நீருக்கு அலைந்தனர். அதே காப்பகத்தினுள் 2009-இல் நீச்சல் குளத்தோடு கூடிய விடுதி ஒன்று திறக்கப்பட்டிருந்தது. குருகர் பூங்காவுக்குள் முதல் மூன்று வண்டிகள் நுழைந்த அதே 1927-இல், பாபாசாகேப் அம்பேத்கர் மகாத் குளத்து நீரை அள்ளிப் பருகினார். நீர் மறுக்கப்படுதல் யாதென்று நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. அக்குளத்தில் நீந்திய விருந்தினர் எவ்வுயிரையும் கொல்லவில்லை. ஐந்து சீலங்களுள் ஒன்றையும் வெளிப்படையாக மீறவில்லை. ஆயினும் அக்குளத்து நீர் தூய நீர் என்று நாம் கூறுவோமா?

இதனால் 'அங்கே செல்லாதீர்' என்று கூறி முடித்துவிடலாமோ எனின், அதுவும் பொருந்தாது. காவல் இன்றிக் காடு நில்லாது. 2014-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் தென்னாப்பிரிக்காவில் 1,215 காண்டாமிருகங்கள் கொம்பின் பொருட்டுக் கள்ளத்தனமாய்க் கொல்லப்பட்டன. காவலருக்கு ஊதியம் வேண்டும். விருந்தினர் தரும் பணத்தில் ஒரு பகுதி அதற்குப் பயன்படுகிறது. எல்லோரும் வீட்டில் இருந்துவிட்டால் விலங்குகள் வாழும் என்பது வீட்டில் இருப்போரின் எண்ணம்.

மேலும், மக்குலெக்கே மக்கள் செய்த ஒரு செயல் நம்மைச் சிந்திக்க வைத்தது. நிறவெறி ஆட்சி வீழ்ந்த பின் அவர்கள் வழக்காடினர். 1998-இல் இருபதாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்நிலம் மீண்டும் அவர்களுக்கு உரிமையாயிற்று. அவர்கள் அங்கே மீளக் குடியேறி விலங்குகளை விரட்டியிருக்கலாம். தடுக்கும் நியாயம் எவரிடமும் இல்லை. அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. நிலம் காடாகவே இருக்கட்டும் எனத் தீர்மானித்து, பூங்காவோடு ஒப்பந்தம் செய்து, விடுதி நடத்துவோருக்குக் குத்தகைக்கு விட்டு, வாடகையும் வேலையும் பெறுகின்றனர். அவர்தம் வறுமை முற்றும் தீர்ந்ததென்று நாம் கூறோம். ஆனால் விலங்கின் பெயரால் வீடிழந்தவர், அவ்விலங்கின்மேல் பகை கொள்ளவில்லை. பகையைப் பகையால் தீர்க்க முயலாத இச்செயலை அறியுந்தோறும் நம் தலை தாழ்கிறது. அவர்கள் பௌத்தர் அல்லர். தம்மம் நம் சங்கத்துப் பதிவேட்டில் மட்டும் அடங்கியதன்று.

இனி ஒரு கடினமான கேள்வி உண்டு. பணம் கொடுத்து யானையையோ சிங்கத்தையோ சுட்டுச் செல்வோர் இன்றும் உளர். ஒன்றைக் கொல்ல விட்டு வரும் பொருளால் நூற்றைக் காக்கலாம் என்பது அதை அனுமதிப்போர் வாதம். போட்ஸ்வானா 2014-இல் இவ்வேட்டையைத் தடை செய்தது. 2019-இல் தடையை நீக்கியது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட யானைகள் வாழும் அந்நாட்டில், விளைந்த சோளத்தை ஓர் இரவில் இழக்கும் குடியானவர் உண்டு. யானையால் உயிரிழந்தோரும் உண்டு. இவ்வாதத்திற்கு நம் விடை யாது? கொலையை விலைக்கு வாங்குதல் நம் முதற் சீலத்துக்கு மாறு, அதில் ஐயமில்லை. வேட்டைக்கு வருபவன் ஏழையின் பசி தீர்க்கவே வருகிறான் என்பதையும் நாம் நம்பவில்லை. ஏழைக்கு ஈயத் துப்பாக்கி தேவையில்லை. ஆயினும் வயலில் யானை புகாத நகரத்தில் இருந்துகொண்டு, அக்குடியானவரைக் கொடியவர் என்று பழிக்கும் உரிமை நமக்கு இல்லை. யானையோடு வாழும் பாரத்தை அவர் ஒருவரே சுமக்கிறார். அழகை நாம் அனைவரும் நுகர்கிறோம். பாரத்தில் பங்கு கொள்ளாதவன் அறவுரை கூறல் எளிது. நமீபியா 1996-இல் இயற்றிய சட்டம், பொது நிலத்தில் வாழும் ஊரார் தாமே காப்பு மன்றம் அமைத்து, தம் நிலத்து விலங்கினால் வரும் வருவாயைப் பெற வழி செய்தது. அவ்வருவாயிலும் வேட்டைப் பணம் கலந்துளது. விருந்தினர் மிகுந்து, காணும் பணமே போதும் என்னும் நிலை வருமாயின் துப்பாக்கி தேவையற்றதாகும். அதற்கு உதவும் பயணம் நற்பயணமே.

ஐயத்துக்கு இடமின்றி விலக்கத்தக்கதும் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் சில பண்ணைகள், கூண்டில் ஈன்ற சிங்கக் குட்டிகளைத் தாயினின்று பிரித்து, பயணிகள் மடியில் இட்டுப் புகைப்படம் எடுக்க விட்டன. வளர்ந்தபின் அடைப்புக்குள் விட்டுச் சுடுவதற்கு விலைபேசின. 2021-இல் அந்நாட்டு அரசே இத்தொழிலை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. உயிர் வாணிபம் பகவன் விலக்கிய வாணிபம். அக்குட்டியைத் தடவிய கை மென்மையான கைதான். ஆனால் அம்மென்மைக்குக் கொடுத்த காசு, பின்னர் வரும் தோட்டாவுக்கு முன்பணம்.

அசோகரையே அளவுகோலாகக் கொண்டோம். ஆதலால் ஒன்றை மறைத்தல் தகாது. கலிங்கப் போரைக் குறித்து வருந்தும் பதின்மூன்றாம் சாசனத்திலேயே, காட்டில் வாழும் மக்களுக்கு அவர் எச்சரிக்கையும் விடுக்கிறார். வருந்தினாலும் தமக்குத் தண்டிக்கும் ஆற்றல் உண்டு என்று உணர்த்துகிறார். விலங்குகளுக்கு அபயம் அளித்த அரசரின் குரலும் காட்டு மக்களை நோக்கியபோது கடுத்தது. மானுக்கு இரங்குதல் எளிது. மான் நம்மிடம் நிலம் கேட்பதில்லை. அருளுடையோர் தவறும் இடம் இதுவே என்று அஞ்சி நடத்தல் நன்று.

திங்கள் கழிந்து அடுத்த பௌர்ணமி வந்தது. இளைஞரிடம் நாம் கூறிய விடை இது: "காண்பதில் குற்றம் இல்லை, தம்பி. பாதியைக் கண்டு, முழுதும் கண்டதாக எண்ணுவதில் குற்றம் உண்டு. காட்டு விடுதிக்குச் செல்பவன் முன்னதாக மூன்று வினா வினவட்டும். இந்நிலம் எவருடையது? அவர் இப்போது எங்கே வாழ்கிறார்? நான் கொடுக்கும் பணத்தில் அவர் கைக்குச் சேர்வது என்ன? விடை கூற மறுக்கும் விடுதியில் தங்காதே. கூறும் விடுதியில் தங்கு, காண், மகிழ். வைகறையில் எழுப்புபவரும், தடம் பார்ப்பவரும், படுக்கை விரிப்பவரும் தம் பிள்ளைகளைப் பல வாரம் காணாது, விடுதிக்குப் பின்னால் உள்ள பணியாளர் குடியிருப்பில் வாழ்பவர். ஆலை வரிசை வீடுகளில் வாழ்ந்த நாம் அதை மறக்கலாகாது. யானையைக் கண்ட கண்ணால் அவரையும் காண்."

பிறகு, அம்மூன்றாம் இரவு உடன் நடந்த முதியவரின் பெயர் என்ன என்று கேட்டோம்.

இளைஞர் வாய் திறந்தார், மூடினார். தாம் கண்ட பறவைகள் நாற்பதின் பெயரை அவர் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். காலில் தழும்புள்ள பெண் சிங்கத்துக்கு விடுதியார் இட்ட பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது. முதியவரின் பெயரை அவர் கேட்கவில்லை.

நெடுநேரம் தலை குனிந்திருந்து, "விடுதிக்கு எழுதிக் கேட்கிறேன், ஐயா" என்றார்.

எழுதட்டும். அவருடைய தம்ம யாத்திரை அக்கடிதத்தில் தொடங்குகிறது.